சேற்றில் வண்டி இறக்கும் முன் டயர் காற்றைக் குறையுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் சனி ஞாயிறில் நண்பர்களோடு செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மண் பாதையில் இறக்கப் போகிறீர்களா? வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பி சுற்றி இழுக்கும் கருவி) எல்லாம் அப்புறம். முதலில் வாங்க வேண்டியது காற்று அளக்கும் கேஜும், காரிலேயே செருகி ஓட்டும் சின்ன கம்ப்ரசரும்தான்.

தார் ரோட்டில் 32 பிஎஸ்ஐ ஓட்டுகிறவர்கள் சேற்றுக்கு முன் 20, 22க்கு இறக்குங்கள். டயர் அகலமாகப் படிந்து நன்றாகப் பிடிக்கும். 15க்குக் கீழே வேண்டாம், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டு நழுவலாம். திரும்பி ஜிஎஸ்டி ரோடு (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) ஏறும் முன் பழைய அளவுக்குக் காற்று ஏற்றியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஃபோர் லோ (நான்கு சக்கரத்துக்கும் மெதுவாக, அதிக இழுவை தரும் கியர்) போடுவதும் சேற்றுக்கு முன்னாலேயே. சிக்கிய பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் என்றால் ஒருவர் கம்பு ஊன்றி நடந்து பார்க்கட்டும். முழங்காலைத் தொட்டால் வண்டியைத் திருப்புங்கள். ஓடுகிற தண்ணீரில் இறங்கவே கூடாது.

இழுக்கும் கயிறை டோ ஹூக்கில் (வண்டியை இழுப்பதற்கென்றே உள்ள கொக்கி) மாட்டுங்கள், பம்பரில் அல்ல. அறுந்தால் சாட்டை மாதிரி அடிக்கும். வீடியோ எடுக்கிற நண்பரை (எல்லா கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்) கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை மேல் மட்டும் ஏற்றாதீர்கள். ஊறிய கரை சரியும். ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான்.