கம்பியைச் சுற்றும் காந்தப்புலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். காந்த ஊசியைக் கையில் கொடுத்ததும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தவறு தலைகாட்டுகிறது: ஊசிக்கு மேலே கம்பியைக் கிழக்கு மேற்காகப் பிடித்து மின்னோட்டத்தைச் செலுத்திவிட்டு, ஊசி அசையவில்லையே என்று முகம் வாடிவிடுகிறார்கள்.

மின்னோட்டம் பாயும் கம்பி ஊசியைத் தன் பக்கம் இழுக்கும் என்று மனம் தானாக நம்பிவிடுவதே இதற்குக் காரணம். 1820இல் கோபன்ஹேகனில் டென்மார்க் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் கண்டதோ வேறு. புலம் கம்பியை நோக்கிப் பாய்வதில்லை, அதைச் சுற்றி வட்டமிடுகிறது. ஆகவே கிழக்கு மேற்கான கம்பிக்கு நேர் கீழே உருவாகும் புலம் வடக்கு தெற்காகவே அமைந்து, ஊசி ஏற்கெனவே நிற்கும் கோட்டிலேயே விழுகிறது. கம்பியை வடக்கு தெற்காக, ஊசிக்கு இணையாக வைத்தால்தான் புலம் குறுக்கே தள்ளும்.

எவ்வளவு தள்ளும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட நேர்க்கம்பியில் 1 ஆம்பியர் பாய்ந்தால் 1 செ.மீ. தொலைவில் 20 மைக்ரோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கிடைக்கும். பெங்களூரில் புவிக்காந்தத்தின் கிடைமட்டக் கூறு ஏறத்தாழ 40. டார்ச் பல்பு வழியாக 0.3 ஆம்பியர் மட்டும் செல்லும்போது நமக்குக் கிடைப்பது 6 மைக்ரோடெஸ்லா, அதாவது ஊசி எட்டு ஒன்பது பாகை திரும்பும், அவ்வளவுதான். அது போதவில்லை என்று பல்பை எடுத்துவிட்டு, பேட்டரி செல்லின் இரு முனைகளையும் நேராக இணைப்பது தவறு. செல், கம்பி இரண்டுமே சூடேறிவிடும். அதே கம்பியைப் பெரிய வளையமாகப் பத்துச் சுற்று சுற்றி, ஒரு பக்கத்தை மட்டும் ஊசியருகே வைத்தால் அது ஐம்பது பாகைக்கு மேல் திரும்புவதைக் காணலாம்.

தொலைவை இரட்டித்தால் புலம் கால்பங்காகும் என்று எழுதுவோரும் உண்டு. நேர்க்கம்பிக்கு அது பாதியாகத்தான் குறையும்.

வலக்கை விதியில் நேரும் பிழையைத் தேர்வு வேளையில் அருகில் நின்று கவனித்திருக்கிறேன். வலக்கையில் பேனா இருப்பதால் பிள்ளைகள் தம்மையறியாமல் இடக்கையை மடக்கிப் பார்க்கிறார்கள், விடை அப்படியே தலைகீழாகிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எலக்ட்ரான் ஓடும் திசையில் அல்லாமல், வெளிச்சுற்றில் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்லும் மின்னோட்டத்தின் திசையில் வலக்கைப் பெருவிரலை நீட்டுங்கள்; மடங்கிய மற்ற விரல்கள் புலம் சுற்றும் திசையைக் காட்டும்.

மிக்ஸி வயரின் அருகே ஊசி அசையாததைக் கண்டு, பிளாஸ்டிக் உறை புலத்தைத் தடுப்பதாகச் சிலர் முடிவுகட்டுகிறார்கள். உறை எதையும் தடுப்பதில்லை. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாக, அதாவது 100 முறை, திசை மாறுவதால் ஊசியால் அதைப் பின்தொடர இயலாது. அதோடு, ஃபேஸிலும் நியூட்ரலிலும் எந்நேரமும் எதிரெதிர்த் திசையில் சம அளவு மின்னோட்டம் செல்வதால் அவற்றின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இதனால்தான் வயரிங் வேலை செய்பவர், வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஃபேஸ் வயரை மட்டும் தனியே விடுகிறார். இரண்டையும் சேர்த்து விட்டால், மிக்ஸி முழு வேகத்தில் ஓடினாலும் மீட்டர் சுழியம் காட்டும்.