ரொறன்ரோவில் முதல் குளிர்காலம்: பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து உடுத்தாதீர்கள்

நவம்பர் பிறந்ததும் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "பஸ் தரிப்பில எனக்குப் பக்கத்தில நிக்கிற பெடியன் அரைக் காற்சட்டையோட நிக்கிறான், எனக்கு மட்டும் ஏன் பல்லுத் தந்தியடிக்குது?" உடனே பழைய ஆள் ஒருவர், "உங்கட இரத்தம் இன்னும் மெல்லிசு, இரண்டு வின்ரர் போகட்டும், தடிச்சிடும்" என்று சொல்லிவிடுவார். அதை நம்பாதீர்கள், குளிர் பழகப் பழக இரத்தம் தடிப்பதில்லை. திரும்பத் திரும்பக் குளிரில் போய்வரும்போது உடம்பு நடுங்கத் தொடங்கும் நேரம் தள்ளிப்போகிறது, அதே குளிர் முன்பு போல மனத்தை அலைக்கழிக்காது, அவ்வளவுதான். இங்கேயே பிறந்தவர்களைக் கவனியுங்கள்: அக்டோபரில் 10 டிகிரி என்றால் ஜக்கெற்றைத் தேடுகிறவர்கள், ஏப்ரலில் அதே 10 டிகிரிக்கு மெல்லிய ரீசேர்ட்டோடு பூங்காவில் நடப்பார்கள். ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த உங்களுக்கு முதல் வருடம் கூடுதலாகக் குளிர்வது இயல்பு, அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் விரல்களின் கதை வேறு, இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். குளிர் பட்டதும் உடம்பு நடுப்பகுதியின் சூட்டைக் காப்பாற்றுவதற்காகக் கை கால் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து அவை தாமாகவே சற்று விரிந்து சூடான இரத்தத்தை அனுப்பும், பிறகு மறுபடி சுருங்கும். குளிர் நாடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த விரிதல் நன்றாக நடக்கிறது, வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்களுக்குப் பொதுவாகக் குறைவு. அமெரிக்க, பிரிட்டிஷ் இராணுவங்களில் ஆபிரிக்க வம்சாவளி வீரர்களுக்குக் குளிர்க் காயம் கூடுதலாக வந்ததையும் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மனம் பழகுவதுபோல விரல் பழகாது. "பழகட்டும்" என்று வெறுங்கையோடு போய் நிற்பதில் லாபம் எதுவும் இல்லை. ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மிற்றன்ஸ்தான் சூட்டைப் பிடித்து வைக்கும். தொலைபேசியைத் தட்ட வேண்டுமென்றால் உள்ளே ஒரு மெல்லிய கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பூட்ஸ் வாங்கும்போது தடித்த கம்பளிச் சொக்ஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள், உள்ளே கால்விரலை அசைக்க முடியவேண்டும். இறுக்கமான பூட்ஸ் எவ்வளவு விலையானாலும் கால் விறைக்கும்.

குளிரில் தோலே உறைந்துபோகும் உறைகாயத்தைப் பற்றி எழுதும் இடங்களிலெல்லாம் தோல் வெள்ளையாகும் என்று சொல்வார்கள். எங்கள் நிறத்தில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது, சாம்பல் பூத்ததுபோல, மெழுகு தடவியதுபோல இருக்கும். வலித்துக்கொண்டிருந்த விரலோ காதோ திடீரென்று வலியில்லாமல் மரத்துப்போனால் சுகமாகிவிட்டது என்று நினைக்காமல் உடனே உள்ளே போங்கள். தேய்க்க வேண்டாம், கொதிநீரும் ஹீற்றரும் வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்திருங்கள், அப்படியும் உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வானிலைச் செய்தியில் டிகிரியோடு சேர்த்துக் காற்றுக் குளிர் (wind chill) என்று இன்னொரு எண் சொல்வார்கள், காற்றும் சேர்ந்தால் எவ்வளவு குளிராகத் தெரியும் என்பதுதான் அது, அதைப் பார்த்துத்தான் உடுத்த வேண்டும். உடம்பைச் சுற்றி நிற்கும் மெல்லிய சூடான காற்றை வீசும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அந்த எண் மைனஸ் 28க்குக் கீழே போனால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். ஃபிஞ்ச் அவெனியூவில் பஸ் பிந்தினால் அவ்வளவு நேரம் நிற்கத்தானே வேண்டும்! இன்னொன்று, பெரும்பாலும் மிகக் குளிரான நாட்களில்தான் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். எங்கள் ஊர்க் கண்ணுக்கு வெயில் என்றால் சூடு, அதனால் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு மெல்லிய ஜக்கெற்றோடு இறங்கிவிடுகிறோம். பனி கொட்டும் நாள் அநேகமாக அதைவிடச் சூடு.

டெல்லியிலோ ஊட்டியிலோ நுவரெலியாவிலோ இருந்து வந்தவர்கள் "எங்களுக்குக் குளிர் தெரியும்" என்பார்கள். உண்மைதான், ஆனால் அது வேறு வகைக் குளிர். அங்கே பல வீடுகளில் ஹீற்றர் இல்லை, ஜனவரியில் வீட்டுக்குள்ளும் போர்த்திக்கொண்டுதான் இருக்க வேண்டும். இங்கே வீட்டுக்குள் 21, வாசலைத் தாண்டினால் மைனஸ் 15, பஸ்ஸுக்குள் மறுபடி வெக்கை. ஒரே ஒரு தடித்த சுவெட்டரைப் போட்டுக்கொண்டு போனால் பஸ்ஸில் வியர்க்கும், இறங்கியதும் அந்த வியர்வையே உங்களை நடுங்க வைக்கும். அதனால் உள்ளே தேர்மல் எனும் சூடு காக்கும் உள்ளுடுப்பு, நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கைத் துணி, வெளியே காற்றுப் புகாத ஜக்கெற் என்று அடுக்காகப் போட்டுத் தேவைக்குக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டும் அடுக்கு பருத்தியாக இருக்கக்கூடாது, பருத்தி வியர்வையைப் பிடித்து ஈரமாகவே வைத்திருக்கும். ஜக்கெற்றை ஊரில் வாங்கி வராதீர்கள், இங்கே பழைய உடுப்புக் கடைகளிலேயே நல்லது கிடைக்கும். காற்றுப் புகாததாக, இடுப்புக்குக் கீழே இறங்குவதாக, தலையை மூடும் தொப்பி சேர்ந்ததாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தைப்பொங்கல் ஜனவரி நடுவில், குளிர் உச்சத்தில் வரும். சேலைக்குள் தேர்மல் காற்சட்டை போட்டால் வெளியே தெரியாது. கோயில் வாசலில் பூட்ஸ் கழற்றும் இடம் முழுக்க உருகிய பனித் தண்ணீர் தேங்கி நிற்கும், சொக்ஸ் நனைந்துவிடும். கைப்பையில் இன்னொரு சோடி வைத்திருங்கள்.

பிள்ளைகளைப் பள்ளியில் குளிரிலும் விளையாட வெளியே விடுவார்கள், கடும் குளிர் நாட்களில் மட்டும்தான் உள்ளே வைத்திருப்பார்கள். பனிக் காற்சட்டையும் மேலதிக மிற்றன்ஸும் கொடுத்துவிடுங்கள். காரில் குழந்தை இருக்கையில் தடித்த ஜக்கெற்றோடு வார் பூட்டாதீர்கள், வார் தளர்ந்து போகும். பூட்டியபிறகு மேலே போர்த்துங்கள்.

பேஸ்மன்ற்றில், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், வாடகைக்கு இருப்பவர்கள் பலர் வீடு குளிர்கிறது என்று வாய் திறப்பதில்லை. வீட்டுக்காரர் சூடு தர வேண்டிய வீடு என்றால் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரச் சட்டம். சொல்லியும் கேட்காவிட்டால் நகரசபையின் 311 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். காஸ் அடுப்பைத் திறந்துவைத்தோ கரி மூட்டியோ மட்டும் அறையைச் சூடாக்க வேண்டாம், மணமே இல்லாத கார்பன் மொனொக்சைட் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

வெயில் குறைவு, எங்கள் தோலும் கருமை, அதனால் விட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியே, வீட்டுக்குள் இருந்தும் ஓயாமல் குளிர்கிறது என்றால் இரத்தசோகையையும் தைராய்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிட்டவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். நீரிழிவு நெடுநாள் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், குளிர்வதும் தெரியாது சுடுவதும் தெரியாது. "எனக்குக் குளிரேல்லை தம்பி" என்று அப்பா சொல்வதை நம்பி விட்டுவிடாமல், வெளியே போய் வந்ததும் சொக்ஸைக் கழற்றி, விரல் இடுக்குகளையும் குதிக்காலையும் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். கால் கழுவும் சுடுநீரை அவர் காலால் பதம் பார்க்க விடாதீர்கள், உங்கள் முழங்கையால் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.