எடைக் குறைப்பு ஆபரேஷனா? சிக்கல் வராமல் இருக்க நம் கையில் இருப்பவை

அக்காவுக்கு ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஸ்டேப்பிள் போட்டு ஒரு குழாய் மாதிரி ஆக்குகிறார்கள். அது டாக்டர் வேலை. அதற்கு முன்னாலும் பின்னாலும் சில வாரங்கள் வீட்டில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

முதலில், நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்லீவ் செய்தால் அது கூடலாம், பைபாஸ் (இதயத்தில் செய்வது அல்ல, இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் இன்னொரு எடைக் குறைப்பு ஆபரேஷன்) பொருத்தமாக இருக்கலாம். பலமாகக் குறட்டை விடுபவர் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சிகரெட்டை ஆறு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், அப்புறமும் தொடக்கூடாது.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த டயட் கொடுப்பார்கள். எடை இறங்கியதைக் காட்டவோ, மன உறுதியைச் சோதிக்கவோ அல்ல. கொழுப்பேறிய கல்லீரல் வயிற்றின் மேல் பகுதியை மூடிக்கொண்டு கிடக்கும், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) வேலை செய்ய வேண்டும், டயட்டில் அது சுருங்கிக் கொடுக்கும். 'இனிமேல் சாப்பிட முடியாதே' என்று அந்த இரண்டு வாரமும் பிரியாணி விருந்து வைக்கும் சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து போகாதீர்கள். சுகர் மருந்து எடுப்பவர்கள் இந்த டயட்டில் அளவை எப்படி மாற்றுவது, எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த அன்றே நடக்கச் சொல்வார்கள். வலிக்கிறது என்று படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியை வீட்டிலும் தொடரச் சொன்னால் ஒரு நாள்கூட விடக்கூடாது.

குடிப்பதுதான் பெரிய பாடு. அக்காவுக்கு டானிக் பாட்டில் மூடியில் அளந்து, சில நிமிடத்துக்கு ஒரு தடவை, வடிகட்டிய மோரும் பருப்புத் தண்ணீரும் கொடுத்தோம், நாள் முழுக்க அதே வேலை. மடக்மடக்கென்று குடித்தால் வாந்திதான். பழகியபின் நாளுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் உடம்பில் நீர் வற்றிப் போய் மறுபடி அட்மிட் ஆக வேண்டியதுதான்.

இப்போது முக்கியமானது. ஸ்டேப்பிள் போட்ட இடத்தில் கசிவு வந்தால் அது வீட்டுக்கு வந்த பிறகும் தெரியலாம். முதல் ஓரிரு நாள் தோள்வலி ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் ஏற்றிய காற்றாலும் வரும், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், மூச்சு வாங்குவது, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி இதில் எது இருந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், ஆபரேஷன் செய்த இடத்துக்கே ராத்திரியானாலும் கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்று நம்பர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் பி1 வைட்டமின் குறைந்து மூளையையே பாதிக்கும். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டால் அது இன்னும் மோசமாகலாம். இந்த ஆபரேஷன் ஆனவர் என்று சொல்லி, பி1 ஊசி பற்றிக் கேளுங்கள்.

மெடிக்கலில் 'உடம்பு வலிக்கு' என்று கேட்டால் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், இரைப்பையில் புண் வரலாம், பைபாஸ் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதலாக. பாராசிட்டமால் போதும். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பைக் கல் வராமலிருக்க ஆறு மாதம் மாத்திரை தருவது உண்டு, தந்தால் பாதியில் விடாதீர்கள். கர்ப்பத்தை ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போட வேண்டும். வைட்டமின் ஆயுளுக்கும் உண்டு. அதில் கால்சியமும் இரும்பு மாத்திரையும் ஒன்றாகப் போடக்கூடாது, நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். அக்கா ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை ராத்திரியிலும் போடுகிறாள், செல்போனில் இரண்டு அலாரம்.