உந்தமும் மோதலும்: பேனாவை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்தான். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு. மோதலுக்கு முன் இருந்த மொத்த உந்தமும் பின்னால் இருக்கும் மொத்த உந்தமும் சமம்; இதுதான் உந்த மாறா விதி. மூன்றே வரி. இருந்தும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீட் வரை இந்தப் பாடத்தில் விடை தப்பிக்கொண்டே இருக்கிறது. எழுதத் தொடங்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைக் கேட்காமல் விடுவதுதான் பெரும்பாலும் காரணம். எந்தெந்தப் பொருள்களின் உந்தம்? எந்தத் திசைக்கு நேர்க்குறி? எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை?

பாம்பன், தொண்டி, கீழக்கரை, வாலிநோக்கம் பக்கம் கரையில் அன்றாடம் நடக்கும் காரியங்களை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். கீழே வரும் நிறையும் வேகமும் கணக்குச் சுலபமாக இருக்க எடுத்துக்கொண்டவை.

"படகு பயங்கர விசையோட வந்து இடிச்சுது"

பேச்சுக்குச் சரி, தேர்வுக்குத் தவறு. ஓடி வரும் படகிடம் விசை என்று எதுவும் இல்லை. அதனிடம் இருப்பது உந்தம். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தள்ளும் அல்லது இழுக்கும் நேரத்தில் மட்டும்தான் விசை பிறக்கும். 'உந்து' என்றாலே தள்ளு என்று பொருள் வருவதால், தமிழில் படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல்.

ஆட்கள், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 800 கி.கி. உள்ள ஒரு ஃபைபர் படகு, எஞ்சினை நிறுத்திவிட்டு 1.5 மீ/வி வேகத்தில் ஜெட்டியை நோக்கி வருகிறது. உந்தம் 1,200 கி.கி. மீ/வி. வெறும் கான்கிரீட்டில் இடித்து 0.05 வினாடியில் நின்றால், சராசரி விசை 24,000 நியூட்டன். நடுவில் தொங்கும் டயர் அமுங்கி 0.4 வினாடி எடுத்துக்கொண்டால் 3,000 நியூட்டன். கரையில் நிற்பவர் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுப் போட்டு, விட்டு விட்டுப் பிடித்து 3 வினாடியில் நிறுத்தினால் வெறும் 400 நியூட்டன்.

மூன்றிலும் உந்த மாற்றம் அதே 1,200தான். "டயர் உந்தத்தைக் குறைக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் போகும். டயர் நேரத்தை நீட்டுகிறது. அதனால் விசை இறங்குகிறது. ஆகவே "இந்தப் படகு எவ்வளவு விசையோடு மோதும்?" என்று நேரத்தையோ அமுங்கும் தூரத்தையோ சொல்லாமல் ஒருவர் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

'கணத்தாக்கு' என்ற சொல்லும் இங்கே ஒரு வேலை செய்கிறது. 'கணம்' முன்னால் நிற்பதால், கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆழமில்லாத தண்ணீரில் கம்பை ஊன்றி, நிகர விசை 50 நியூட்டன் இருக்கும்படி 24 வினாடி தொடர்ந்து தள்ளினால் கணத்தாக்கு 1,200 நியூட்டன் வினாடி. கான்கிரீட்டில் இடித்த படகு வாங்கியதும் அதே 1,200.

குறியை விட்டால் பத்து மடங்கு தவறு

கடற்கரை மணலில் வாலிபால் ஆட்டம். 0.27 கி.கி. பந்து 9 மீ/வி வேகத்தில் வருகிறது. ஆட்டக்காரர் அதை வந்த வழியே 11 மீ/வி வேகத்தில் திருப்பி அடிக்கிறார். கணத்தாக்கு எவ்வளவு? அவசரக்காரர் 11இலிருந்து 9ஐக் கழித்து, 0.27 கி.கி.யால் பெருக்கி, 0.54 என்று எழுதிவிடுவார். பந்து வந்த திசைக்கு நேர்க்குறி என்றால், திரும்பிய திசைவேகம் −11. மாற்றம் −11 − 9 = −20. கணத்தாக்கின் அளவு 5.4 நியூட்டன் வினாடி. ஒரு கழித்தல் குறியை விட்டதற்குத் தண்டனை பத்து மடங்கு.

மேலே சொன்ன டயரிலும் இதே விஷயம் ஒளிந்திருக்கிறது. டயர் படகைச் சற்றுத் திருப்பித் தள்ளி, அது 0.3 மீ/வி வேகத்தில் பின்வாங்கினால், உந்த மாற்றம் 800 × 1.8 = 1,440. 0.4 வினாடிக்குச் சராசரி விசை 3,000 அல்ல, 3,600 நியூட்டன். துள்ளித் திரும்பும் பொருள், அங்கேயே நின்றுவிடும் பொருளைவிட அதிகக் கணத்தாக்கு வாங்கும்.

எடையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

60 கி.கி. ஆள் 0.8 மீ உயரத்திலிருந்து மணலில் குதிக்கிறார். தரையைத் தொடும்போது ஏறக்குறைய 4 மீ/வி. முழங்காலை மடக்கி 0.2 வினாடியில் நிற்கிறார். 60 × 4 ÷ 0.2 = 1,200 நியூட்டன். இதையே "தரை கொடுத்த விசை" என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. 1,200 என்பது நிகர விசை. தரை அவருடைய எடையான 588 நியூட்டனையும் தாங்கியாக வேண்டும். ஆக மணல் மேல்நோக்கித் தள்ளியது ஏறக்குறைய 1,790 நியூட்டன்.

பனங்காய் பாறையில் விழும் கணக்கில் எடையை விட்டுவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. 1.2 கி.கி. காய் 14 மீ/வி வேகத்தில் வந்து 0.002 வினாடியில் நின்றால் 8,400 நியூட்டன். அதன் எடையோ 12 நியூட்டன்தான். நேரம் நீள நீள எடையின் பங்கு பெரிதாகும். அதனால் எடையை விடுவதற்கு முன் இரண்டு எண்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

வத்தையிலிருந்து குதிப்பவர்

இந்தப் பாடத்திலேயே அதிகம் சறுக்கும் இடம் இதுதான். 120 கி.கி. வத்தை (சிறிய படகு) சும்மா நிற்கிறது. அதிலிருந்து 60 கி.கி. ஆள் 'வத்தையைப் பொறுத்து' 3 மீ/வி திசைவேகத்தில் கரைப்பக்கம் குதிக்கிறார். வத்தை எவ்வளவு வேகத்தில் பின்னால் போகும்?

60 × 3 = 120 × வத்தையின் வேகம், ஆகவே 1.5 மீ/வி என்பது தவறான விடை. உந்த மாறா விதியில் போடும் திசைவேகங்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து அளந்தவையாக இருக்க வேண்டும். இங்கே ஆளின் வேகத்தை வத்தையிலிருந்தும் வத்தையின் வேகத்தைக் கரையிலிருந்தும் அளந்து கலந்துவிட்டோம். கரையிலிருந்து பார்த்தால் இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகைதான் 3. வத்தையின் நிறை இரண்டு மடங்கு என்பதால் அதன் வேகம் ஆளின் வேகத்தில் பாதி. ஆள் 2 மீ/வி முன்னால், வத்தை 1 மீ/வி பின்னால். 60 × 2 = 120 × 1. சரியாக வருகிறது.

அதே வத்தையைக் கயிற்றால் இறுக்கமாகக் கட்டியிருந்தால்? வத்தை நகராது. ஆள் மட்டும் 3 மீ/வி வேகத்தில் போகிறார். மொத்த உந்தம் சுழியிலிருந்து 180 ஆகிவிட்டதே, விதி உடைந்துவிட்டதா? உடையவில்லை. கயிறு வெளியிலிருந்து இழுக்கிறது. ஆள், வத்தை என்ற அமைப்புக்கு அது புற விசை. கயிறு கட்டிய தூணையும் பூமியையும் அமைப்புக்குள் சேர்த்துக்கொண்டால் கணக்கு மறுபடி சமமாகும். பூமியின் நிறை அவ்வளவு பெரிது என்பதால் அதன் அசைவு நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தண்ணீரும் புற விசைதானே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். அங்கேதான் 'எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை' என்ற மூன்றாவது கேள்வி வருகிறது. தண்ணீரின் இழுவை சராசரியாக 10 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். குதிக்க எடுத்த நேரம் 0.3 வினாடி. அதற்குள் தண்ணீர் கொடுத்த கணத்தாக்கு 3. வத்தையின் உந்தம் 120. விட்டுவிடலாம். ஆனால் அதே இழுவை 12 வினாடி நீடித்தால் 120 முழுவதையும் தின்றுவிடும். குதிப்பதற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் உள்ள கணங்களுக்கு மட்டும் உந்த மாறா விதியைப் போட வேண்டும். பத்து வினாடி கழித்து வத்தை எங்கே இருக்கும் என்பதை அதே வரியில் கணக்கிடக் கூடாது.

உப்பு ஏறினால், உப்பு ஒழுகினால்

உப்பளத்தில் தண்டவாளத்தில் ஓடும் ஒரு டிராலி என்று நினைத்துக்கொள்ளுங்கள். 200 கி.கி., 2 மீ/வி, தள்ளுபவர் யாரும் இல்லை, உராய்வும் இல்லை. மேலிருந்து நேர்க்குத்தாக 50 கி.கி. உப்பு கொட்டப்படுகிறது. உப்புக்குக் கிடைத்திசையில் உந்தம் இல்லை. 400ஐ 250ஆல் வகுத்தால் 1.6 மீ/வி. இதுவரை பலரும் சரியாகவே செய்கிறார்கள்.

இப்போது அடியில் ஓட்டை விழுந்து அந்த 50 கி.கி.யும் மெல்ல ஒழுகிவிடுகிறது. டிராலி மறுபடி 2 மீ/விக்கு ஏறுமா? நிறை குறைந்தால் வேகம் கூடும் என்ற அவசர முடிவுதான் இங்கே பொறி. ஒழுகும் உப்பு, டிராலியை விட்டுப் பிரியும் கணத்தில் அதே 1.6 மீ/வி வேகத்தோடுதான் பிரிகிறது. தன் பங்கு உந்தத்தைத் தானே கொண்டு போகிறது. டிராலியை முன்னாலும் தள்ளவில்லை, பின்னாலும் இழுக்கவில்லை. வேகம் 1.6லேயே நிற்கும்.

பெரியதும் சிறியதும்

20,000 கி.கி. விசைப்படகு 1 மீ/வி வேகத்தில் வந்து, நிற்கும் 200 கி.கி. வத்தையில் மோதி இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. யார்மேல் அதிக விசை? இருவர்மேலும் ஒரே அளவு. உந்த மாற்றமும் ஒரே அளவு, ஏறக்குறைய 198. வித்தியாசம் திசைவேக மாற்றத்தில்: விசைப்படகுக்கு 0.01 மீ/வி, வத்தைக்கு 0.99 மீ/வி. உடைவது வத்தை என்பதால் விசையும் அதன்மேல்தான் அதிகம் என்று கண் சொல்லும். நியூட்டனின் மூன்றாம் விதி அதை ஒத்துக்கொள்ளாது.

இதோடு சேர்ந்தது, உந்தத்தையும் இயக்க ஆற்றலையும் (நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ 2) ஒன்றாக நினைப்பது. 2013 ஜனவரியில் பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ஒரு மிதவைக் கப்பல் மோதியது. மெதுவாக மிதந்து வருவது என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். அந்தக் கப்பலின் நிறையை விட்டுவிட்டு, பொதுவாக 500 டன் மிதவை 0.5 மீ/வி வேகத்தில் வருவதாக எடுப்போம். உந்தம் 2,50,000. பக்கத்துச் சாலைப் பாலத்தில் மணிக்கு 90 கி.மீ. (25 மீ/வி) வேகத்தில் போகும் 1,000 கி.கி. காருக்கு 25,000. மிதவைக்குப் பத்து மடங்கு. இயக்க ஆற்றலைப் பார்த்தால் தலைகீழ்: மிதவைக்கு 62,500 ஜூல், காருக்கு 3,12,500 ஜூல். எதை நிறுத்துவது கடினம் என்று கேட்டால், எவ்வளவு நேரத்தில் என்றா, எவ்வளவு தூரத்தில் என்றா என்று திருப்பிக் கேட்க வேண்டும்; நேரம் என்றால் உந்தத்தைப் பார்க்க வேண்டும், தூரம் என்றால் இயக்க ஆற்றலை.

பிரிந்து போனால் மீட்சி மோதலா?

600 கி.கி. வள்ளம் 2 மீ/வி வேகத்தில் வந்து, நிற்கும் 400 கி.கி. வள்ளத்தில் நேருக்கு நேர் மோதுகிறது. மொத்த உந்தம் 1,200; இயக்க ஆற்றல் 1,200 ஜூல்.

கயிறு சிக்கி இரண்டும் சேர்ந்து போனால் 1.2 மீ/வி, மிச்ச ஆற்றல் 720 ஜூல். 480 ஜூல் சத்தமாகவும் சூடாகவும் பலகை நசுங்கலாகவும் போய்விட்டது. உந்தத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. இப்படி ஒட்டிக்கொண்டு போவதற்குப் பெயர் 'முழு மீட்சியற்ற மோதல்'. அப்படியென்றால் ஆற்றல் முழுதும் போய்விடும் என்று நினைப்பவர்கள் இந்த 720ஐப் பார்க்க வேண்டும். மோதலுக்கு முன் மொத்த உந்தம் சுழியாக இருந்தால்தான் எல்லாம் போகும்.

முழு மீட்சி மோதல் (இயக்க ஆற்றல் துளியும் குறையாத மோதல்) என்றால் முதல் வள்ளம் 0.4, இரண்டாவது 2.4 மீ/வி. ஆற்றல் 48 + 1,152 = 1,200. இடையில் இன்னொரு சாத்தியம்: 0.8, 1.8 மீ/வி. உந்தம் 480 + 720 = 1,200, சரி. ஆற்றல் 840 ஜூல்தான். இரண்டும் பிரிந்துதான் போயின; ஆனாலும் இது மீட்சி மோதல் ஆகாது. பிரியும் சார்பு வேகம் நெருங்கிய சார்பு வேகத்துக்குச் சமமா என்று பாருங்கள்: 2.4 − 0.4 = 2, சமம். 1.8 − 0.8 = 1, பாதிதான்.

"வந்தது நிற்கும், நின்றது ஓடும்" என்பது நிறை சமமாக, நேருக்கு நேராக, மீட்சி மோதலாக இருந்தால் மட்டும். கேரம் பலகையில் 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 5 கிராம் காயை நேராக அடித்த பிறகும் முன்னால் போவது அதனால்தான்.

குறுக்கே வரும்போது

500 கி.கி. படகு கிழக்கே 3 மீ/வி, 1,000 கி.கி. படகு வடக்கே 2 மீ/வி, மோதிச் சிக்கிக்கொள்கின்றன. 1,500 + 2,000 = 3,500 என்று கூட்டக் கூடாது. செங்கோணத்தில் இருப்பதால் மொத்த உந்தம் 2,500. சேர்ந்து போகும் வேகம் சுமார் 1.67 மீ/வி, கிழக்கிலிருந்து வடக்காக 53 பாகை. திசையை விட்டுவிட்டு நிறையையும் வேகத்தையும் மட்டும் கூட்டிய தவறை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தே செய்திருக்கிறார். 1668, 1669இல் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் என்ற அறிஞர்கள் மூவரும் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய மோதல் விதிகளில்தான் திசைக்கு உரிய இடம் கிடைத்தது. மாணவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

அலகு பற்றி ஒரே வரி: ஜி.பி.எஸ். கருவி காட்டும் நாட் அளவை அப்படியே போடாதீர்கள், 1 நாட் என்றால் 0.514 மீ/வி.

விடை வந்ததும் இரண்டு சோதனைகள் போடலாம். மேலே சொன்ன வள்ளக் கணக்கில் ஒருவருக்கு 1.4, 0.9 மீ/வி என்று வந்தது என்று வையுங்கள். உந்தம் 840 + 360 = 1,200, பொருந்துகிறது. ஆனால் பின்னால் வந்த வள்ளம் முன்னால் உள்ளதைவிட வேகமாகப் போகிறது. அதை ஊடுருவிக்கொண்டு போனால்தான் முடியும். இன்னொருவருக்கு −0.2, 3.3 மீ/வி. உந்தம் அதே 1,200. ஆற்றலோ 2,190 ஜூல், தொடக்கத்தைவிடக் கூடுதல். வெடியோ சுருளோ இல்லாத மோதலில் அது நடக்காது. வத்தையிலிருந்து குதித்த கணக்கில் மட்டும் 0 ஜூல் 180 ஜூல் ஆனதே என்றால், அது அவருடைய கால் தசையிலிருந்து வந்தது.