என் கண்ணில் போட்ட மருந்து இறாலில் கிடைத்தது: எச்சப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு பீன்யாவில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். பால், முட்டை, தேன், இறால் ஆகியவற்றில் கால்நடை மருந்தின் எச்சம் தேடுவது எங்கள் பிழைப்பு. பைப்பெட்டைச் சரியாகப் பிடி, லேபிள் ஒட்ட மறக்காதே என்பதையெல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். நான் செய்து நொந்து, இப்போது அவர்களும் செய்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பிளாங்க்கை முதலிலேயே முடித்து வைப்பது

போன வாரம் ஒரு பெண் காலை பத்து மணிக்கே பிளாங்க்கை எடைபோட்டு மூடி வைத்துவிட்டு, "ஒரு வேலை முடிந்தது மேடம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

மருந்து இல்லை என்று உறுதியான இறால் சதைதான் பிளாங்க். மாதிரி படும் பாட்டையெல்லாம் அதுவும் பட வேண்டும். அதே கை, அதே தராசு, அதே நேரம். நடுவில் எங்காவது மருந்து ஒட்டிக்கொண்டால் காட்டிக்கொடுப்பதற்குத்தான் அது இருக்கிறது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு எனக்குக் கண் வலி. இங்கேயும் அதற்கு 'மெட்ராஸ் ஐ' என்றுதான் பெயர். அல்சூரிலிருந்து வருகிற தமிழ்ப் பெண்ணுக்கு அது வந்ததில் உடன் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே சிரிப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்தது குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு. காலையில் பிளாங்க் எடுத்தேன். சாப்பிட்டுவிட்டுக் களிம்பு போட்டேன். கை கழுவினேன், கழுவியதாகத்தான் நினைவு. கையுறை மாட்டிக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து வந்த 8 இறால் மாதிரிகளை எடைபோட்டேன். மூன்றில் குளோராம்பெனிகால். பிளாங்க் பளிச்சென்று சுத்தம்.

சந்தேகப்பட இடமே இல்லை. கருவி மருந்தின் 321 நிறையுள்ள அயனியை உடைத்து, துண்டுகளைப் பார்த்து அடையாளம் காணும். அதிலிருந்து பிறக்கும் 152, 257 என்ற இரண்டு துண்டுகளும் வந்திருந்தன, அவற்றின் விகிதம் சரி, கருவியில் மருந்து வெளிவரும் நேரமும் சரி. சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? உண்மையிலேயே குளோராம்பெனிகால்தானே அது!

கணக்கைப் பாருங்கள். அப்போது ஐரோப்பிய எல்லை ஒரு கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம், 2022 நவம்பரிலிருந்து அது 0.15. நாங்கள் எடுப்பது 5 கிராம் சதை. அதில் 0.3-ஐத் தொட 1.5 நானோகிராம் மருந்து போதும். ஒரு சதவீதக் களிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிகிராம் ஒட்டினாலே 10,000 நானோகிராம். 6,000 மாதிரிகளுக்கு மேல் கெடுக்கலாம். கையுறையைப் பெட்டியிலிருந்து உருவுவதும் களிம்பு தடவிய அதே விரல்தான்.

கண்டெய்னர் நின்றது. "அந்த மருந்தை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை அம்மா" என்று ஏற்றுமதியாளர் தொலைபேசியில் கெஞ்சினார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முத்திரையோடு உறைநிலையில் வைத்திருந்த மறுபாதியை வேறொருவர் சோதித்தார். ஒன்றுமில்லை. அதற்குள் குளிர்பதனக் கிடங்கின் வாடகை அவர் தலையில் ஏறியிருந்தது. அன்று பிளாங்க்கை அந்த எட்டுக்கு நடுவே எடைபோட்டிருந்தால் அதுவே என்னை மாட்டிவிட்டிருக்கும்.

இப்போது தொடக்கத்தில் ஒரு பிளாங்க், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. கண் மருந்து போடுகிறவர் எடைபோடும் அறைக்குள் வரக் கூடாது என்று கதவில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

நைட்ரோபியூரானை அப்படியே தேடுவது

நைட்ரோபியூரானும் ஆன்டிபயாட்டிக்தான். உடலுக்குள் போன சில மணி நேரத்தில் அது சிதைந்துவிடும். புரதத்தில் ஒட்டிக்கொண்ட மிச்சம்தான் வாரக்கணக்கில் தங்கும். அதை அமிலத்தில் பிரித்து, நைட்ரோபென்சால்டிகைடு சேர்த்து, 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்க வேண்டும். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எடுத்துவிடாதீர்கள். இறாலின் ஓட்டையும் சேர்த்து அரைக்காதீர்கள். நாம் தேடும் மிச்சங்களில் ஒன்றான செமிகார்பசைடு ஓட்டில் இயற்கையாகவே இருக்கும், யாரோ மருந்து போட்டதுபோலக் காட்டும்.

பென்சிலின் ஸ்டாண்டர்டை மெத்தனாலில் வைப்பது

ஸ்டாண்டர்ட் என்பது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும், அளவு தெரிந்த மருந்துக் கரைசல். மெத்தனாலில் வேண்டாம். பென்சிலின் மூலக்கூறின் வளையம் உடையும்.

டெட்ராசைக்ளினுக்குக் கண்ணாடிக் குப்பி

இந்த ஆன்டிபயாட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் குப்பி எடுங்கள்.

மாட்டுக் கொட்டிலை எட்டிப் பார்க்காமலே இருப்பது

ஈஜிபுராவில் எனக்குத் தெரிந்த ஒரு பால்காரர் வீட்டில் மாட்டுக்கு மடிநோய். காம்பு வழியாக மருந்து ஏற்றியிருந்தார்கள். "இரண்டு நாளாக உறை ஊற்றியும் தயிர் உறையவில்லை அக்கா" என்றார் அவர் மனைவி. தயிராக்கும் பாக்டீரியாவை மருந்து அடக்கிவிட்டிருக்கிறது. எங்கள் கோடி ரூபாய்க் கருவிக்கு முன்பே அவருடைய சட்டி சொல்லிவிட்டது. காய்ச்சினால் போகாதா என்று கேட்டார். பெரும்பாலும் போகாது. மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் காலக்கெடு போடாத மருந்தென்றால் பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012-லேயே விதி வந்துவிட்டது. அவருக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அறிக்கையில் 'இல்லை' என்று எழுதுவது

'கண்டறியப்படவில்லை' என்று எழுதுங்கள். எந்த அளவுவரை கண்டறிய முடியும் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.