சோளத்தில் செய்த பிளாஸ்டிக் கடலில் கரைந்துவிடுமா? நாம் செய்யும் தவறுகள்

கப்பில் ‘தாவரத்தில் செய்தது’ என்று எழுதியிருந்தால் கடலில் விழுந்தாலும் மக்கிவிடும் என்று நம்பிவிடுகிறோம். இதுதான் பெரிய தவறு. எதிலிருந்து செய்தார்கள் என்பது வேறு, எங்கே மக்கும் என்பது வேறு. கரும்பு எத்தனாலில் செய்த பாலிஎத்திலீனும் (பைகள் செய்யும் சாதாரண பிளாஸ்டிக்) பெட்ரோலியத்தில் செய்த பாலிஎத்திலீனும் ஒன்றேதான். இரண்டுமே கடலில் மக்காமல் கிடக்கும்.

சரி, பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற பிளாஸ்டிக்? சோளம், கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்துக் கிடைக்கும் லாக்டிக் அமிலத்தில் செய்வது. அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலியை முதலில் தண்ணீர் அறுக்க வேண்டும். அப்புறம்தான் நுண்ணுயிர்களால் தின்ன முடியும். அது வேகமாக நடக்க 58 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். பெரிய உரக்கூடங்களில் அந்தச் சூடு உண்டு, கடலில் ஏது? போதாததற்கு, பிஎல்ஏ கடல்நீரைவிட அடர்த்தியானது. மூழ்கி, குளிர்ந்த இருட்டுக்குத்தான் போகும்.

கலிஃபோர்னியாவின் லா ஹோயா கரையில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் துணித் துண்டுகளைக் கடலில் போட்டுப் பார்த்தார்கள். மரக்கூழ் செல்லுலோஸ் துணி ஒரு மாதத்துக்குள் சிதைந்துவிட்டது. பிஎல்ஏ துணியோ 428 நாள் கழித்தும் சிதையவே இல்லை. 2023-இல் இந்த முடிவு வெளியானபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

‘மக்கும்’ என்ற முத்திரையை மட்டும் நம்புவதும் தவறு. பிளைமவுத் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி விற்கப்பட்ட ஒரு பை மூன்று ஆண்டு கடலில் கிடந்த பிறகும் கடைச் சாமான்களைத் தாங்கியது. அதே ஆய்வில், ‘உரமாகும்’ என்று விற்ற பை கடலில் மூன்றே மாதத்தில் கண்ணில் படவில்லை. ஆனால் கண்ணில் படாததெல்லாம் மக்கியதாகாது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடும் நீருமாக்க வேண்டும். அதுவரை அது நுண்துகள்தான்.

பாக்டீரியாக்கள் தங்கள் உடலுக்குள் கொழுப்புபோலச் சேமித்துவைக்கும் பிஎச்ஏ என்ற பிளாஸ்டிக் கடலில் உண்மையிலேயே மக்கும். அதற்காக நாளைக்கே போய்விடும் என்று எண்ண வேண்டாம். மெல்லிய படலத்துக்கு மாதக் கணக்கு, கெட்டியான பாட்டிலுக்கு ஆண்டுக் கணக்கு. ‘கடல்நீரில் சோதித்தது’ என்று போட்டிருந்தால் எத்தனை டிகிரியில், எவ்வளவு தடிமனில் என்று கேளுங்கள். ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் ஒரு கடல்நீர்ச் சோதனை 30 டிகிரி வெதுவெதுப்பில் நடக்கிறது. ஆழ்கடல் தரையில் 4 டிகிரிகூட இருப்பதில்லை.