வெள்ளி மாலைத் திருத்தங்கள்

காட்பாடியில் வீட்டிலிருந்தபடியே இணையதளம் வடிவமைத்துத் தரும் எனக்கு, ஆம்பூர்த் தோல் ஏற்றுமதியாளர்களோடு நியூயார்க் நிறுவனம் ஒன்றும் வாடிக்கையாளர். அங்கே வெள்ளி மாலை 5 மணி என்பது கோடையில் நமக்குச் சனி அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30 என்பதால், அவர்கள் வாரத்தை முடித்துக்கொண்டு அனுப்பும் திருத்தங்களெல்லாம் என் விடுமுறையில் வந்து விழுந்தன. ஆகவே, அவர்களது வியாழன் மாலைக்குள் வருபவற்றை வெள்ளிக்குள் முடிப்பேன் என்றும், பிறகு வருபவை திங்கள் காலை அவர்கள் அலுவலகம் திறப்பதற்குள் தயாராக இருக்கும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதினேன். நமது திங்கள் பகலின் பெரும்பகுதியில் அவர்கள் உறங்குவதால், அவர்களுக்கு இதில் தாமதமே இல்லை.

ஆம்பூர்க்காரர்களுக்கோ சனியும் வேலைநாள். அன்று வேலை வேண்டுமானால் ஒன்றரை மடங்குக் கட்டணம் என்றேன். அவசரங்கள் வியக்கத்தக்க வகையில் குறைந்துவிட்டன.